வெறும் நிலத்தின் படம்

பெங்களூரு
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுந்தர் எழுதுகிறேன். உன் மகள் அனுராதாவின் நிச்சயதார்த்தம் முடிந்ததிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. வாட்ஸப்பிலும் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். ஆழ்வார்திருநகரி தபால் ஆபீசில் உட்கார்ந்திருப்பவள் தபாலைத் திருப்பி அனுப்ப மாட்டாள் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

எனக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்று. கம்பெனியில் எல்லோரையும் ஒரு கணக்குப் போடச் சொன்னார்கள். ஒரு வருஷத்தில் ஒரு ஆள் எவ்வளவு கரிப்புகைக்குக் காரணமாகிறான் என்ற கணக்கு. கரண்ட், பெட்ரோல், சாப்பாடு, துணிமணி, பயணம் எல்லாம் சேர்த்தி. நம் நாட்டில் ஆளுக்குச் சராசரி இரண்டு டன் என்கிறார்கள். எனக்கு இருபத்திரண்டு வந்தது. தப்பாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். அதேதான் வந்தது. நான் கறி தின்பதில்லை, குடிப்பதில்லை, ஒரே சட்டையை நாலு வருஷம் போடுகிறவன். எளிமையான ஆள் என்றுதான் இத்தனை நாள் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் விமானம். ஜெர்மனிக்கும் சிங்கப்பூருக்கும் டெல்லிக்கும் நான் பறந்து பறந்து செய்த வேலை அத்தனையும் புகையாக எழுதப்பட்டிருந்தது. அன்று பகல் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

நிச்சயதார்த்தத்தில் மைக்கைப் பிடித்து உங்கள் மண்டபத்து ஜெனரேட்டருக்கும் ஏசிக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் கணக்குச் சொன்னேன் அல்லவா? அதைச் சொல்வதற்கு நான் வந்ததே தூத்துக்குடி வரை விமானத்தில், அங்கிருந்து தனிக் காரில். அந்தக் கணக்கில் என்னை நான் சேர்க்கவே இல்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு உதவி வேண்டும். கம்பெனியில் ஒரு திட்டம் இருக்கிறது. சொந்த நிலத்தில் மரம் நட்டால் அது நம் கணக்கில் கழியும். விதிமுறை இரண்டுதான். முதலில், மரம் இல்லாத வெறும் நிலத்தின் படம் அனுப்ப வேண்டும். பிறகு, மேலிருந்து பார்த்தால் வரிசை தெரியும்படி கன்று நட்டுப் படம் அனுப்ப வேண்டும். சாத்தான்குளம் பக்கம் அப்பா விட்டுப்போன நிலத்தில் தெற்குப் பாதி சும்மாதானே கிடக்கிறது? அத்தானிடம் கேட்பாயா? செலவு முழுக்க என்னுடையது.

உன் தம்பி,
சுந்தர்


ஆழ்வார்திருநகரி
17 ஆகஸ்ட் 2024

ஏலே சுந்தர்,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட வேண்டும் என்றுதான் பிரித்தேன். கிழிப்பதற்கு முன்னால் படித்துத் தொலைத்தேன்.

சம்பந்தி வீட்டார் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை இலையில் வழித்துக்கொண்டிருக்கும்போது, “இந்த ஒரு விருந்தில் எத்தனை டன் புகை தெரியுமா?” என்று மைக்கில் கேட்டவன் நீ. மாப்பிள்ளையின் பெரியப்பா பாயசம் எடுத்த கையை அப்படியே நிறுத்திவிட்டார். உன் அத்தான் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை. ஒரு வார்த்தை உன்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு மனம் ஆறியிருக்கும்.

நான் உன் கணக்கை நம்பாதவள் என்று நினைக்காதே. போன மார்கழியில் தாமிரபரணி எங்கள் ஆபீசுக்குள்ளேயே வந்தது. தெருவில் படகு விட்டார்கள். ஊறிப்போன தபால்களை வெயிலில் காயப்போட்டு, அழிந்த விலாசங்களை வாசித்துப் பார்த்தவள் நான். வானம் மாறிவிட்டது என்று எனக்குத் தெரியும். அதைப் பந்தியில் சொல்வதா?

உன் அத்தான் கதைக்கு வருகிறேன். கடிதத்தை மேஜையில் வைத்திருந்தேன், எடுத்துப் படித்துவிட்டார். முகம் எப்படி மலர்ந்தது என்கிறாய்! “பாத்தியா உலகம்மா? மாப்ள நம்மகிட்ட ஒண்ணு கேட்டுட்டான். இத்தன வருசத்துல இதான மொத தடவ?” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இதுக்கு எதுக்கு இந்தச் சிரிப்பு சிரிக்கிய?” என்றேன். “ஒனக்குத் தெரியாது. அவன் பெரிய எடத்துல இருக்கவன். நம்மள ஆளா மதிச்சுக் கேட்டுருக்காம்லா,” என்றார்.

நம் நிலம் இருக்கும் ஊருக்கும் இப்போது அவர்தான் வி.ஏ.ஓ. அங்கே ஆள் போடவில்லை என்று கூடுதல் பொறுப்பாக இவரிடம் கொடுத்திருக்கிறார்கள். அதனால் அடிக்கடி அந்தப் பக்கம் போகிறவர்தான். உன் விதிமுறை இரண்டையும் தனித் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே. தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதை அப்படியே செய்து முடித்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

நான் இன்னும் உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன்.

உலகம்மாள்


பெங்களூரு
23 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் அனுப்பிய இரண்டு படங்களும் வந்தன. முதல் படத்தில் வெறும் செம்மண். இரண்டாவதில் வரிசை வரிசையாக வேம்பும் புங்கையும். கயிறு பிடித்து நட்டிருக்கிறார் போல, ஒரு கன்றுகூட வரிசை விலகவில்லை. எங்கள் ஆபீசில் எல்லோரும் கூடிநின்று பார்த்தார்கள். “யார் இந்த வேலை செய்தது?” என்று கேட்டதற்கு, “எங்கள் அத்தான்” என்று பெருமையாகச் சொன்னேன்.

மரம் நட்டதோடு சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்காதே. ஆபீசுக்குக் காரில் போவதை விட்டுவிட்டு மெட்ரோவில் போகிறேன். ஏசியை இருபத்தாறுக்குக் கீழே இறக்குவதில்லை. ஜெர்மனிப் பயணம் இரண்டை மறுத்துவிட்டு வீடியோவிலேயே பேசினேன். மேலதிகாரிக்கு முகம் சுருங்கியது, பரவாயில்லை.

அத்தானிடம் எப்படி நன்றி சொல்ல என்று தெரியவில்லை. போனில் கூப்பிட்டேன். “எல்லாம் விதிப்படி நடந்திருக்கு மாப்ள, ஒரு குறை சொல்ல முடியாது” என்று சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டார். நீயாவது ரெண்டு வரி எழுது.

சுந்தர்


ஆழ்வார்திருநகரி
29 டிசம்பர் 2024

சுந்தர்,

ரெண்டு வரி கேட்டாய். கூடவே எழுதுகிறேன்.

உன் அத்தான் சனிக்கிழமை தவறாமல் நிலத்துக்குப் போய்விடுகிறார். என்னைக் கூட்டிப் போகச் சொன்னால், “கம்பெனிப் பேர்ப் பலகை வரட்டும், பெறவு ஒண்ணாப் போவோம்” என்கிறார். மழைத் தண்ணீர் அந்த மணலில் தங்காததால் ஹபீப் முகம்மதுவின் தண்ணீர் லாரி வாரம் இரண்டு நடை போகிறதாம். பிள்ளை பெற்றவர் மாதிரி அதைப் பற்றியே பேச்சு.

அனுராதாவும் நானும் விளையாட்டாக எங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். கேஸ் சிலிண்டர், மின்விசிறி, அத்தானின் ஸ்கூட்டர், நான் போகும் பஸ், எல்லாம் போட்டோம். மூன்று பேருக்கும் சேர்த்தே உன் ஒருவனில் கால்வாசி இல்லை. அனுராதா சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தம்பி இவ்வளவு பெரிய வாழ்க்கையா வாழ்கிறான் என்று திகைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உலகம்மாள்


பெங்களூரு
25 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கனவில்கூட நினைக்காதது நடந்துவிட்டது! கம்பெனியின் வருஷாந்திர விழாவில் என்னை மேடைக்கு அழைத்துப் பரிசு கொடுத்தார்கள். குறைத்ததும் நட்டதும் சேர்த்து என் கணக்கு பூஜ்யம் என்று பெரிய திரையில் போட்டார்கள். நம் செம்மண் நிலமும் அந்தத் திரையில் வந்தது. ஒரு மரம் வளர்ந்து புகையை உறிஞ்ச வருஷக்கணக்காகும், இன்றைக்கே எப்படிப் பூஜ்யம் என்று எனக்கும் உள்ளுக்குள் ஒரு கேள்வி இருந்தது. கைதட்டல் சத்தத்தில் அதைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

மார்ச் முதல் வாரம் கம்பெனியிலிருந்து ஜீஷான் என்பவர் படம் பிடிக்க வருகிறார். அத்தானையும் பேச வைக்க வேண்டுமாம். நானும் வருகிறேன். இந்தத் தடவை ரயிலில். அக்கா, நீயும் நிலத்துக்கு வந்து நிற்க வேண்டும். அப்பா விட்டது நம் இரண்டு பேருக்கும்தானே?

சுந்தர்


ஆழ்வார்திருநகரி
10 பிப்ரவரி 2025

தம்பி,

இதை எப்படி ஆரம்பிக்க என்று தெரியவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை. அத்தான் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நீங்கள் படம் பிடிக்க வருவதற்குள் ஒரு தடவை பார்த்துவிடுவோமே என்று நான் தனியாக பஸ் ஏறி நம் நிலத்துக்குப் போனேன்.

எனக்கு இறங்க வேண்டிய இடம் தெரியவில்லை சுந்தர். பிறந்ததிலிருந்து பார்த்த நிலம். ரோட்டோரம் தெற்குப் பக்கத்துப் பனைக்கூட்டத்தைப் பார்த்ததும் கண்டக்டரிடம் சொல்லி இறங்குவது வழக்கம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பனைக்கூட்டம் வரட்டும் வரட்டும் என்று பார்த்துக்கொண்டே அடுத்த ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி நடந்து வந்தேன். வெட்டவெளியில் பனையேறி கொம்பையா வீடு மட்டும் தனியாக நின்றது. அப்போதுதான் புரிந்தது.

தெற்குப் பாதியில் ஒரு பனைகூட இல்லை. அறுபதுக்கு மேல் நின்றது. அடிக்கட்டைகூட இல்லாமல் தோண்டி எடுத்து மண்ணை நிரவியிருக்கிறது. அதன்மேல் உன் கன்றுகள். பாதி கருகிவிட்டது, மீதி லாரித் தண்ணீரில் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

கொம்பையாவின் பெண்டாட்டி இசக்கித்தாய் வெளியே வந்தாள். அவர்கள்தானே இருபது வருஷமாக நம் பனையில் பதனீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுகிறார்கள்? வடக்கே நிற்பவை கிழட்டுப் பனைகள். பதனீர் கொடுத்ததெல்லாம் தெற்கில் நின்றவைதான். இசக்கித்தாய் என்னை உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் தரவில்லை.

“நெலத்தப் பாக்கவா வந்திய? நல்லாப் பாருங்க யக்கா. இப்ப மறைக்கதுக்கு ஒண்ணும் இல்லல்லா?” என்றாள்.

“எனக்குத் தெரியாது இசக்கி, சத்தியமாத் தெரியாது,” என்றேன்.

“அண்ணாச்சிகிட்ட எங்க வீட்டுக்காரரு கால்ல விழாத குறையாச் சொன்னாரு. கலெக்டரு அனுமதி இல்லாம பனைய வெட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அந்தச் சட்டத்த ஊருக்குள்ள வந்து வாசிச்சதே அண்ணாச்சிதான். அவுகளே நின்னு வெட்டச் சொன்னா, நாங்க யாருகிட்ட போயி மனு குடுக்க?”

பதனீர் சீசன் ஆரம்பிக்கிற நேரம், ஏறுவதற்கு மரம் இல்லை. கொம்பையா கேரளாவுக்குச் சுமை தூக்கப் போய்விட்டானாம். “ஆடிக் காத்து அடிச்சா இந்த மண்ணு பூரா எங்க சோத்துப் பானையிலதான் வந்து விழும். பன நின்னு தடுத்துது. இனி எது தடுக்கும்? ஒங்க மரக்கன்னா?” என்று கேட்டாள். நான் எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அத்தானைக் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார். “மொத வரி என்ன போட்டுருக்கு? மரம் இல்லாத நெலத்தோட படம். நெலத்துல மரம் நின்னுச்சு. நான் என்ன செய்ய? மாப்ள கேட்டு இல்லன்னு சொல்லவா?” என்றார். அனுமதி கேட்டு எழுதியிருந்தால் மாசக்கணக்காகும், கிடைத்திருக்கவும் செய்யாது. ஜேசிபியை வைத்துச் சாய்த்துவிட்டார். மரத்தையெல்லாம் செங்கல் சூளைக்காரன் ஏற்றிப் போய்விட்டான். எரித்தும் முடித்திருப்பான்.

இத்தனை வருஷத்தில் அடுத்தவன் வயலில் ஒரு சீமைக்கருவேலம் வெட்டினாலும் போய் நின்று விசாரித்த மனிதர் அவர். எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

அக்கா


பெங்களூரு
15 பிப்ரவரி 2025

அக்கா,

உன் கடிதத்தை ஆபீசில் பிரித்தேன். படித்துவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே வர வெகுநேரமாயிற்று.

தெற்குப் பாதி சும்மா கிடக்கிறது என்று எழுதியது நான்தான். சின்னப் பையனாக நான் கடைசியாக அங்கே ஓடித் திரிந்தபோது பனை வடலிகள் முழங்கால் உயரம் இருந்தன. மட்டையின் கருக்கு கிழித்த தழும்பு இன்னும் என் காலில் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் நிலத்துப் பக்கம் போகவே இல்லை. ஊரைவிட்டு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. என் மனதில் அந்த வடலிகள் இன்றுவரை முழங்கால் உயரத்திலேயே நிற்கின்றன. அவை வளர்ந்திருக்கும் என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை அக்கா. உலகத்துப் புகையையெல்லாம் கணக்குப் போட்டவனுக்குச் சொந்த நிலத்தில் என்ன நிற்கிறது என்று தெரியவில்லை.

நேற்று உட்கார்ந்து நிஜக் கணக்கைப் போட்டேன். சூளையில் எரிந்த பனை, ஜேசிபி, வாரம் இரண்டு நடை லாரி டீசல். எல்லாம் சேர்த்தால், நான் மெட்ரோவில் போய், ஏசியைக் குறைத்து மிச்சம் பிடித்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. தண்ணீர் கேட்காமல் தானாக நின்ற மரத்தை எரித்துவிட்டு, தண்ணீர் ஊற்றினாலும் நிற்காத கன்றை நட்டதற்கு எனக்குக் கைதட்டினார்கள்.

ஜீஷானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடைவார் என்று நினைத்தேன். அதிர்ச்சி எனக்குத்தான். “முதல் படத்தில் மரம் இல்லை, இரண்டாவதில் கன்று இருக்கிறது, விதிப்படி எல்லாம் சரி. அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று படிவம் கேட்கவில்லையே,” என்கிறார். படப்பிடிப்பை வழக்கம்போல நடத்தலாமாம், பனையைப் பற்றிப் பேசாமல் இருந்தால் போதுமாம்.

என்னால் முடியாது. கேமரா முன்னால் நின்று நடந்ததைச் சொல்லப்போகிறேன்.

சுந்தர்


ஆழ்வார்திருநகரி
19 பிப்ரவரி 2025

சுந்தர்,

நீ எதையும் சொல்லக் கூடாது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

உன் அத்தானுக்கு ஓய்வு பெற எட்டு மாசம்தான் இருக்கிறது. அனுமதி இல்லாமல் பனை வெட்டியது, அதுவும் தன் பொறுப்பில் இருக்கும் ஊரில், ரிப்போர்ட் எழுத வேண்டியவரே நின்று வெட்டியது. வெளியே தெரிந்தால் சஸ்பெண்ட். விசாரணை முடிகிறவரை பென்ஷன் நின்றுபோகும். முப்பது வருஷம் ஒரு கெட்ட பெயர் இல்லாமல் வேலை பார்த்த மனிதர். வைகாசியில் அனுராதாவுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்ல?

நீ செய்தது தப்பு, அவர் செய்தது அதைவிடப் பெரிய தப்பு. தெரியாமலா சொல்கிறேன்? இசக்கித்தாய் முகம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. பரிசை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சும்மா இரு. கொம்பையா குடும்பத்துக்கு நாம் இரண்டு பேரும் செய்ய வேண்டியதைச் செய்வோம். உண்மையைச் சொன்னால் உன் மனசு சுத்தமாகிவிடும். தெருவில் நிற்பது உன் அத்தானாக இருக்கும்.

அவர் இப்போது சனிக்கிழமை நிலத்துக்குப் போவதில்லை. ஆபீஸ் போகிறார், வருகிறார், அவ்வளவுதான். நேற்று சாப்பாட்டில் கை வைத்துவிட்டு, “உலகம்மா, அந்தப் பிள்ள இசக்கித்தாயி வேற என்ன சொன்னா?” என்று கேட்டார். மணல் சோற்றுப் பானையில் விழும் என்று சொன்னதைச் சொன்னேன். அப்படியே எழுந்து கையைக் கழுவிவிட்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. பேசாமல் இரு.

அக்கா


பெங்களூரு
8 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பரிசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். படப்பிடிப்பு இல்லை. பயணம் இல்லாத வேறு வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டு, அதையும் வாங்கிவிட்டேன். இனி மேலே போக வழியில்லாத இடம் அது. பரவாயில்லை, என் புகையில் பாதி இந்த ஒரு கையெழுத்தில் குறைந்துவிட்டது. எவன் நிலத்திலும் எதையும் நடாமலே குறைந்துவிட்டது.

இப்போது நீ திட்டப்போவதைச் சொல்கிறேன். தாசில்தாருக்கு ஒரு மனு எழுதி இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நிலத்தின் பங்குதாரன் என்ற முறையில் பனைகளை வெட்டச் சொன்னது நான், வி.ஏ.ஓ. சிவசைலத்துக்கு இதில் சம்பந்தம் இல்லை, அவருக்குத் தெரியாமல் ஆள் வைத்துச் செய்தேன், என்ன தண்டனையோ எனக்குக் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். இதில் பொய் இருக்கிறது. முழுப் பொய் இல்லை அக்கா. வெறும் நிலம் கேட்டது நான்தானே?

யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்னால் பழி என் பெயரில் ஏறிவிட்டால் அத்தான் தப்பிவிடுவார். தனியார் கம்பெனிக்காரனுக்கு அபராதத்தோடு போகும். அவரிடம் எதுவும் சொல்லாதே. யாராவது கேட்டால் தெரியாது என்று மட்டும் சொல்லச் சொல்.

இசக்கித்தாய் வீட்டுக்கு நான் நேரில் வருகிறேன். அவர்கள் என்ன கேட்கிறார்களோ அதைச் செய்வோம். நாமாக எதையும் தீர்மானித்துக்கொண்டு போக வேண்டாம். தெற்குப் பாதியில் என்ன நிற்க வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

சுந்தர்


ஆழ்வார்திருநகரி
2 ஏப்ரல் 2025

ஏலே சுந்தர்,

நீயும் கெட்டாய், உன் அத்தானும் கெட்டார். நான் ஒருத்தி நடுவில் நின்று கத்தியதை இரண்டு பேரும் கேட்கவில்லை.

உன் மனு தாசில்தார் மேஜைக்குப் போன அன்றே உன் அத்தானும் அங்கே போயிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் வேட்டியைத் தேய்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். ஏதோ மீட்டிங் என்று நினைத்தேன். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றினார், தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுத்தான் சொன்னார்.

தன் பொறுப்புக் கிராமத்தில் அனுமதி இல்லாமல் பனை வெட்டப்பட்டதாக முறைப்படி ரிப்போர்ட் எழுதியிருக்கிறார். வெட்டியவர் யார் என்ற இடத்தில் தன் பெயரையே எழுதி, பதவியையும் எழுதி, கீழே வி.ஏ.ஓ. என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார். தாசில்தார் அம்மா அதை வாசித்திருக்கிறார். பிறகு உன் மனுவை எடுத்து அதன் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

“ஒரே பனைக்கு ரெண்டு பேர் வந்து நான்தான்னு சொல்லுதீங்க. இதுல எது பொய்யி?” என்று கேட்டாராம்.

உன் மனுவை அப்போதுதான் உன் அத்தான் முதல்முதலாகப் பார்க்கிறார். “அம்மா, அவன் சொல்லுதது பொய்யி. எம்மேல உள்ள பிரியத்துல எழுதிட்டான். அதக் கிழிச்சிருங்க,” என்றாராம். சிரித்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழுவதா, நாலு வார்த்தை நன்றாகக் கேட்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

“ஏன் இப்பிடிச் செஞ்சிய? எட்டு மாசம் கண்ண மூடிட்டு இருந்திருக்கலாம்லா?” என்று கேட்டேன்.

“இருந்திருக்கலாம். வெள்ளிக்கெழம ஒருத்தன் வந்து, வீட்டு மேல சாஞ்சிருக்க பனைய வெட்டணும், அனுமதிக்கு எழுதித் தாங்க அண்ணாச்சின்னு நின்னான். ஒத்தப் பன. அதுக்கு அவன் மூணு தடவ நடந்துட்டான். அவன் மூஞ்சப் பாத்து என்னால பேச முடியல,” என்றார்.

தாசில்தார் அம்மா நல்ல மாதிரி. இருந்தாலும் அத்தான் கையெழுத்திட்ட ரிப்போர்ட்டை அந்த அம்மா மேலே அனுப்பத்தானே வேண்டும்? சம்பந்தி வீட்டுக்கு நானே நேரில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையின் பெரியப்பா “தன் பேர தானே எழுதுன ஆள் வீட்டுல பொண்ணு எடுக்கதுக்கு எங்களுக்கு என்ன கொற?” என்றார். அந்த ஒரு பயம் போயிற்று.

நேற்றுக் காலை தபால் பையைப் பிரித்தேன். மேலாகவே இருந்தது. கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து பதிவுத் தபால், ஒப்புதல் அட்டை இணைத்தது. பெறுநர் இடத்தில் உன் அத்தான் பெயர். உள்ளே என்ன இருக்கும் என்று பிரிக்காமலே தெரியும். தேதி முத்திரையை நான்தான் குத்தினேன். முதல் தடவை சரியாக விழவில்லை. மறுபடி குத்தினேன்.

தபால்காரர் மாரிக்கண்ணு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீங்களே வீட்டுக்குக் கொண்டு போயிருதியளா அக்கா?” என்று கேட்டார். வேண்டாம், முறைப்படி நீங்களே கொண்டு போய்க் கையெழுத்து வாங்குங்கள் என்றேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கள் தெருப் பக்கம் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிஷம்கூட இருக்காது, திரும்பி வந்துவிட்டார். அத்தான் அவருக்கு மோர் கொடுத்தாராம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டு, பேனாவை உதறி, நிறுத்தி எழுதினாராம். “சும்மா பேங்க் கடுதாசி வாங்குத மாதிரி வாங்கிக்கிட்டாரு அக்கா, எனக்குத்தான் தாங்கல,” என்று சொல்லிவிட்டு மாரிக்கண்ணு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த ஒப்புதல் அட்டை இப்போது என் மேஜையில் இருக்கிறது. ‘சிவசைலம்’ என்று பதறாத கையெழுத்து. தன் சஸ்பென்ஷன் ஆணை தன்னிடம் வந்து சேர்ந்தது என்று அவர் எழுதிக் கொடுத்த அட்டை. மதியப் பையில் அதை நான் திருப்பி அனுப்ப வேண்டும். இந்தக் கடிதத்தையும் அதே பையில்தான் போடுகிறேன். நீ புறப்பட்டு வா.

அக்கா